ஓரகத்தி ஏற்றிய கணக்கு

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று பிறந்த வீட்டிலும் சொல்வார்கள், வாழ்க்கைப்பட்ட வீட்டிலும் சொல்வார்கள். அப்படிப்பட்டவள் ஒருத்தியை வாய் நிறையப் புகழ்ந்தால், அதுவும் சொந்த ஓரகத்தியைப் புகழ்ந்தால், கேட்கிறவர்கள் என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்க்கத்தான் செய்வார்கள். பார்த்துக்கொள்ளட்டும். அவள் செய்த வேலை அப்படி.

எங்கள் ஊர் பாலக்கோட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் கொஞ்ச தூரம். என் கணவரும் அவர் தம்பியும் சேர்ந்து தக்காளி போடுகிறார்கள். ஒரே நிலம், ஒரே போர்வெல், ஒரே மோட்டார், ஒரே மாட்டுக் கொட்டகை, ஒரே அடுப்பு. பேங்கிலும் இருவர் பேரில் ஒரே கணக்குதான். முன்பெல்லாம் மண்டியில் பணத்தைக் கையில் எண்ணிக் கொடுப்பார்கள். இப்போது மண்டிக்காரர் தன் கமிஷனையும் இறக்குக் கூலியையும் கழித்துக்கொண்டு மீதியைக் கணக்கில் போட்டுவிடுகிறார். பால் பணமும் அதிலேயே வந்து விழுகிறது. டீக்கடையிலிருந்து உரக்கடை வரைக்கும் போனைக் காட்டித்தான் செலவு. பணம் வருவதும் கண்ணில் படுவதில்லை, போவதும் கண்ணில் படுவதில்லை. மீதி எவ்வளவு என்று மட்டும் போன் சொல்லும்.

அந்த மீதி குறையக் குறைய வீட்டில் சத்தம் கூடியது. தக்காளி விலை விழுந்து, பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாத ஒரு பருவம் அது. என் கணவர் என்னிடம் வந்து, சேலத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று முணுமுணுப்பார். தம்பிக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. அவனும் ஓரகத்தியும் சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். தம்பி தன் பங்குக்கு அவளிடம், அண்ணன் மகளுக்கு மட்டும் கோயமுத்தூரில் ஹாஸ்டல் வைத்துப் படிப்பு நடக்கிறதே என்று சொல்லியிருக்கிறான். என் மகள் அங்கே பார்மசி படிக்கிறாள். ஒரே கூரைக்குக் கீழே சொன்னது காதுக்கு வராமல் போகுமா? வந்தது. அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தினார்கள். தண்ணீரை எந்தப் பாத்திக்குத் திருப்ப வேண்டும் என்பதைக்கூட மாட்டைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

கடைசியில் பாகம் பிரித்துவிடுவது என்று முடிவானது. ஊர்ப் பெரியவர்கள் நாலு பேருக்குச் சொல்லியனுப்பி ஒரு ஞாயிற்றுக்கிழமையும் குறித்தாயிற்று. எனக்கும் தனி அடுப்பு ஆசை இருந்தது, மறைப்பானேன். ஆனால் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தபோது உதைத்தது. பாதி நிலத்தை வைத்துக்கொண்டு மகளுடைய மீதிப் படிப்பை முடிக்க முடியாது. அவர்களும் பாதி நிலத்தை வைத்துக்கொண்டு சேலம் போய்வர முடியாது. பிரிந்தால் இரண்டில் ஒன்று கண்டிப்பாக நின்றுபோகும். பெரும்பாலும் இரண்டுமே நின்றுபோகும். இது எனக்கும் ஓரகத்திக்கும் தெரிந்திருந்தது. ஆம்பிளைகளுக்குத்தான் ரோஷம் கண்ணை மறைத்தது.

என் கணவர் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஓரகத்தியைப் பார்த்துச் சொன்னார்: "தாயும் புள்ளையும்னாலும் வாயும் வயிறும் வேற. நீ கம்பெனில கணக்குப் பாத்தவதானம்மா. மூணு வருசத்துக் கணக்க எடு. எந்தப் பக்கம் எவ்வளவு போயிருக்குதுன்னு தெரிஞ்சு போவட்டும்."

"எடுக்கறங்க மாமா" என்றாள். அவ்வளவுதான்.

அவள் கர்நாடக எல்லையோரத்துக் கிராமத்துக்காரி. வீட்டில் கன்னடம். ஓசூரில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்தபோது, அங்கேயே வேலையிலிருந்த தம்பிக்குப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டு வந்தான். வந்த புதிதில் நான் அவளை அப்படியொன்றும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. வேலையில் சுறுசுறுப்பு, வாய் குறைவு, அவ்வளவுதான் என் கணிப்பு.

அவளிடம் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. அதில், ஓசூரில் இருந்தபோது தன் சம்பளத்துக்குக் கணக்கு வைக்க ஏற்றிய சாப்ட்வேர் ஒன்று. வரவு செலவை அதில் போட்டால், எதற்கு எவ்வளவு போனது என்று பிரித்துக் காட்டும். மதியச் சாப்பாடு முடிந்ததும் கேழ்வரகு டிரம்மின் மேல் லேப்டாப்பை வைத்தாள். பக்கத்தில் ஒரு ஸ்டூல் எனக்கு. பேங்க் சைட்டுக்குள் போய் மூன்று வருஷத்து ஸ்டேட்மென்ட்டையும் இறக்கினாள். இனி ஒரு பட்டனைத் தட்டினால் எல்லாம் வந்துவிடும், குட்டு வெளிப்பட்டுவிடும் என்று நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்படியெல்லாம் வரவில்லை. பேங்க் கொடுத்த பைலில் எது தேதி, எது வரவு, எது செலவு, எது வெறும் விவரம் என்று சாப்ட்வேர் ஒவ்வொன்றாகக் கேட்டது. அவள் சொல்லிக் கொடுத்தாள். எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் ஏற்றாமல் ஒரே ஒரு மாதத்தை மட்டும் முதலில் ஏற்றிப் பார்த்தாள். அந்தப் பொறுமையைப் பார்த்ததுமே எனக்கு அவள்மேல் ஒரு மரியாதை வந்தது. நானாக இருந்தால் மூட்டையோடு கவிழ்த்திருப்பேன்.

ஏறியதும் பாதி வரிகளைக் காணோம். இருந்த பாதியும் வருஷம் பூராவும் சிதறிக் கிடந்தது. தக்காளி நாற்றே விடாத மாதத்தில் மண்டிப் பணம் வந்திருப்பதாகக் காட்டியது. "ஏம்மா, அந்த மாசம் நெலம் சும்மா இல்ல கெடந்துச்சு?" என்றேன். அவள் கொஞ்ச நேரம் திரையை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"வெள்ளக்காரன் பண்ணுன சாப்ட்வேருங்க்கா. அவன் மாசத்த மொதல்ல சொல்றான், தேதிய அப்பறம் சொல்றான். நம்ம பேங்க்கு தேதிய மொதல்ல சொல்லுது. அதான் குழம்பிக்கிச்சு."

ஏற்றியதையெல்லாம் அழித்தாள். முறையை மாற்றிக் கொடுத்து மறுபடி முதலிலிருந்து ஏற்றினாள். ஒரு சலிப்பு, ஒரு உச்சுக் கொட்டல் கிடையாது. குழம்பில் உப்புக் கூடிப்போனதற்கே குடத்தை உடைக்கிறவள் நான். வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம்தான் உண்மையான வேலை. பேங்க் எழுதுகிற விவரம் இருக்கிறதே, அது ஒரு காட்டுப் பாஷை. ஒரு முழ நீளத்துக்கு நம்பர், நடுவில் பாதியில் வெட்டுப்பட்ட ஒரு பெயர். அந்தப் பெயரும் நமக்குத் தெரிந்த ஆளாக இருக்காது. எங்கள் பக்கத்தில் யார் தன் சொந்த நம்பரைக் கொடுக்கிறார்கள்? டெம்போக்காரர் மச்சான் நம்பருக்குப் போடச் சொல்வார். பறிப்புக்கு வரும் அம்மா, மருமகன் கணக்குக்குப் போடச் சொல்லும். உரக்கடையில் போனைக் காட்ட ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் கடைக்காரர் மகன் பேரில் இருக்கும். ஸ்டேட்மென்ட்டை மட்டும் நம்பிப் படித்தால், ஊர் பேர் தெரியாத ஆட்களுக்கெல்லாம் நாங்கள் வாரி இறைத்த மாதிரி இருந்தது.

அவள் வரியைப் படிப்பாள். தேதியைச் சொல்வாள். நான் கண்ணை மூடி யோசிப்பேன். சிவப்பு மாடு கன்று போட்டதற்கு மறுநாள். அப்படியென்றால் அது டாக்டருக்கு. தீர்த்தமலை போய்வந்த நாள். அப்படியென்றால் அது வழியில் சாப்பிட்ட ஓட்டல். நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டாள். தன் போனில் அன்றைக்கு எடுத்த போட்டோ இருக்கிறதா, யாருக்காவது மெசேஜ் போட்டிருக்கிறோமா என்று சரி பார்த்துவிட்டுத்தான் போடுவாள். சரி பார்த்த வரிகளைக் கன்னடத்தில் எண்ணிக்கொள்வாள். நாள் பூராவும் தமிழில் பேசுகிறவளுக்கு, எண்ணும்போது மட்டும் ஒந்து, எரடு, மூறு என்று உதட்டுக்குள் போகும். எனக்கு அது கேட்க நன்றாக இருந்தது.

ஒரு பெயரை அந்தச் சாப்ட்வேருக்கு ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். அடுத்த தடவை அதே பெயர் வந்தால் தானே இது டெம்போ வாடகை என்று போட்டுக்கொள்ளும். "உங்க மாமாவுக்கு இப்புடி ஒண்ணு வெக்க முடியுமான்னு பாரும்மா" என்றேன். பத்துத் தடவை சொன்னாலும் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுகிற மனுஷர் அவர்.

அந்த மனுஷர் விஷயத்தில்தான் இடையில் ஒரு கூத்து. ஒரு பெண் பெயர். வாரத்தில் நாலு தடவை வருகிறது. தேதிகளைப் பார்த்தால் எல்லாம் அவர் மண்டிக்குப் போன நாட்கள். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. வரட்டும் அந்த ஆள் என்று கரண்டியைத் தேடினேன். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "எல்லாமே இருவது ரூவா, முப்பது ரூவாங்க்கா. அதுக்குள்ள என்னத்தப் பண்ணியிருக்கப் போறாங்க மாமா" என்றாள். அவளுக்குள் இப்படியொரு குறும்பு இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மறுநாள் நானே பாலக்கோடு போய் மண்டியைச் சுற்றி வந்தேன். வாசலில் ஒரு போண்டாக் கடை. தள்ளுவண்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் போண்டா போடுகிறவரின் மனைவி பெயர். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற ஆள் வாரத்துக்கு நாலு நாள் போண்டா தின்றுகொண்டிருக்கிறார். கரண்டி வீண் போகவில்லை என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

எல்லாம் ஏற்றி முடித்ததும் அவள் ஒன்று செய்தாள். சாப்ட்வேர் காட்டும் மீதியும் பேங்க் காட்டும் மீதியும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தாள். போகவில்லை. ஒரு மாட்டுத் தீவன மூட்டை விலைக்கு இடித்தது. போனால் போகிறது, மூன்று வருஷத்தில் ஒரு மூட்டைதானே என்றேன். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு நீங்கதானங்க்கா சொல்லுவீங்க" என்று என் பழமொழியை எனக்கே திருப்பிவிட்டு, மாதம் மாதமாகப் பின்னால் போனாள். இரண்டு நாள் தேடினாள். கண்டுபிடித்ததும் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினாள்.

ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே விலைக்கு இரண்டு தடவை தீவனம் வாங்கியிருக்கிறது. ஒரே வரவு செலவு தவறி இரண்டு தடவை ஏறிவிட்டது என்று நினைத்து, சாப்ட்வேர் அதில் ஒன்றைத் தள்ளிவிட்டது. எனக்கு அந்த நாள் உடனே ஞாபகம் வந்தது. அண்ணனும் தம்பியும் பேச்சு நிறுத்திய முதல் வாரம். தீவனம் தீர்ந்துவிட்டது என்று நான் பொதுவாகச் சத்தம் போட்டேன். இவர் காலையில் போய் ஒரு மூட்டை வாங்கினார். அவன் சாயங்காலம் போய் ஒரு மூட்டை வாங்கினான். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டாவது மூட்டையை எலிதான் தின்றது.

இரண்டு பேரும் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடித்து நான் பார்த்தால் அவள் கண் கலங்கியிருந்தாள். "ஒரே வூட்ல இருந்து ரெண்டு பேரு போயி ஒரே பொருள வாங்குவாங்கன்னு அதுக்குத் தோணவே இல்ல பாருங்க்கா" என்றாள். அந்த வரியைத் திரும்பச் சேர்த்தாள். மீதி கடைசிப் பைசா வரைக்கும் நேராக வந்து நின்றது. கம்பெனியில் வேலை பார்த்தவள்தான், இருக்கட்டும். ஆனால் சம்பளத்துக்குச் செய்கிற வேலையை யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள். கைச்சுத்தம் என்பார்களே, அதற்கு மேலே ஒரு சுத்தம் அது.

இனி பக்கம் பிரிக்கிற வேலை. தோட்டம், மாடு, அடுப்படி, கோயில், வைத்தியம் என்று தலைப்புகள் போட்டிருந்தாள். மேலும், ஒவ்வொரு வரிக்கும் இது பொதுவா, ஒரு பக்கத்துக்குத் தனியா என்று குறிக்கவும் வழி இருந்தது. என் கணவர் கேட்டது அதைத்தானே. மோட்டார் எரிந்து காயில் கட்டியது பொது. மாடு பொது. அவருடைய சர்க்கரை மாத்திரையைக் கூட வைத்தியம் என்று போட்டுப் பொதுவில் வைத்தாள். என் மனசெல்லாம் கோயமுத்தூர் வரிகள்மேல்தான் இருந்தது. வந்தால் அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தொகையாக நிற்கும். எங்கள் பக்கம் என்று அதைக் குறித்துவிட்டால் பெரியவர்கள் முன்னால் எங்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

வரி வந்தது. காலேஜ் பீஸ். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பிள்ளைகள் என்று புதிதாக ஒரு தலைப்பைப் போட்டாள். பொது என்று குறித்தாள். அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. "ஏம்மா, அது எங்க பக்கம் இல்லியா?" என்று கேட்டே விட்டேன்.

"இந்த வூட்ல இருக்கறதே ஒரு புள்ள. அதுக்கு எந்தப் பக்கம்னுங்க்கா போடறது?"

நான் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டேன். தொட்டி ரொம்பி வழிந்தது கூடத் தெரியாமல் நின்றேன். இத்தனை வருஷம் ஒரே அடுப்பில் பக்கத்தில் நின்று சமைத்தவளை நான் சரியாகப் பார்க்கவே இல்லை என்று தோன்றியது. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, சேலத்து வரிகளைத் தானே பார்த்துக்கொள்வதாகவும், அதற்கு என் ஞாபகம் தேவையில்லை என்றும் சொன்னாள். சரியென்று விட்டுவிட்டேன்.

பெரியவர்கள் வருவதற்கு முந்தின ஞாயிறு, காலையில் பால் ஊற்றிவிட்டு வந்ததும் நாலு பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். லேப்டாப் ஒரு பிளாஸ்டிக் சேரின் மேல். அண்ணன் ஒரு ஓரம், தம்பி இன்னொரு ஓரம். முதலில் அவள் என் கணவரின் போனை வாங்கி பேங்க் மீதியைத் திறந்து, சாப்ட்வேரின் மீதிக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இரண்டும் ஒன்று. அவர் புருவத்தை உயர்த்தினார். அப்புறம் தலைப்பு தலைப்பாகத் தொகைகளைக் காட்டினாள். எந்த வருஷம் உரத்துக்கு எவ்வளவு, பறிப்புக் கூலி எவ்வளவு, விலை விழுந்ததில் போனது எவ்வளவு என்று அவள் சொல்லச் சொல்ல, மீதி ஏன் குறைந்தது என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது. யாரும் வாரி இறைக்கவில்லை. தக்காளிதான் எங்களைக் கவிழ்த்திருந்தது.

என் கணவர் விடவில்லை. பக்கம் எங்கே என்று கேட்டார். அவள் ஒரு இடத்தைத் தட்டினாள். பொது என்ற தலைப்பின் கீழ் எல்லாம் வரிசையாக இருந்தது. மகளின் படிப்பு எங்கே என்று தேடினார். பொதுவுக்குள், பிள்ளைகள் என்று இருந்த இடத்தை அவள் விரலால் காட்டினாள். அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

அதற்குக் கீழே தனி என்று இன்னொரு தலைப்பு. அதில் ஒரே ஒரு தொகை. சேலம் ஆஸ்பத்திரி.

"இது மட்டும் எங்களோடதுங்க மாமா. பிரிக்கறப்ப எங்க பங்குல கழிச்சுக்கங்க" என்றாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அந்த வீட்டில் அத்தனை பேர் தின்றது, உடுத்தியது, மாத்திரை விழுங்கியது எல்லாம் பொது. அவளுடைய வேதனை மட்டும் தனி.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதுவரைக்கும் அப்படி ஒரு கோபம் யார்மேலும் வந்ததில்லை. "யாரக் கேட்டு அதத் தனியாப் போட்ட நீ? எடு. எடுத்துப் புள்ளைங்கன்னு போட்டிருக்கியே, அதுல சேரு" என்று கத்தினேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னும் பொறக்கலியேங்க்கா" என்றாள்.

"பொறக்காட்டி என்ன? செலவு புள்ளைக்குத்தான பண்ணுனோம்? சேரு."

அவள் தம்பியைப் பார்க்கவில்லை, மாமாவையும் பார்க்கவில்லை. சேலத்து வரிகளை எல்லாம் ஒன்றாகப் பிடித்தாள். தலைப்பை மாற்றினாள். பொது என்று குறித்தாள். திரை ஒருமுறை மின்னி நின்றது. பிள்ளைகள் என்ற இடத்தில் தொகை கூடியிருந்தது. தனி என்ற தலைப்பையே காணோம். எங்கே போனது என்று நான் கேட்டதற்கு, கீழே ஒன்றும் இல்லாத தலைப்பை இது காட்டாதுங்க்கா என்றாள்.

என் கணவர் தன் சேரைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டு தம்பி பக்கம் திரும்பினார்.

"அடுத்த வாட்டி சேலத்துக்கு பஸ்ல அலையாதீங்கடா. அந்தப் புள்ளையக் காரு வெச்சுக் கூட்டிட்டுப் போ. வாடகையையும் அந்தத் தலைப்புலயே போட்டுக்கச் சொல்லு."